துப்பாக்கி உதைக்கும், தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. டெக்சாஸில் இருக்கும் நம் பையன் ஒருவன் குடும்பத்தோடு துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போயிருக்கிறான். (பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.) கையில் 500 மேக்னம் என்ற பெரிய ரிவால்வர். சுட்டதும் அது எகிறி நெற்றிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். "அடுத்த வாரம் சின்னவன் சுடப் போறான் சார்" என்று கீழே எழுதியிருந்தான். சின்னவனுக்குப் பதினொரு வயது. நானும் யோசிக்காமல் ஒரு லைக் போட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

1986-ல் என்.சி.சி. அதிகாரிப் பயிற்சிக்காக நாக்பூர் பக்கம் காம்ப்டீக்குப் போயிருந்தேன். அங்கேதான் முதன்முதலில் .303 ரைஃபிளால் சுட்டேன். கட்டையைத் தோளில் நன்றாக அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நான் பயத்தில் தளர்த்திப் பிடித்தேன். ஒரே உதை! பத்து நாள் தோள்பட்டை கன்றிப்போய்க் கிடந்தது. அம்பத்தூருக்குத் திரும்பி வந்து, பலூனை ஊதிப் பறக்கவிட்டு உங்களுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தினேன். வினைக்குச் சமமான எதிர்வினை என்று ஒப்பிக்க வைத்தேன். என் தோளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வாத்தியார் அடிபட்டதைச் சொல்ல வெட்கம்.

அன்று விட்ட பாடத்தை இன்று நடத்துகிறேன்.

.303 குண்டு சுமார் 11 கிராம், வேகம் நொடிக்கு 740 மீட்டர். துப்பாக்கி 4 கிலோ. பெருக்கி வகுத்தால், துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 2003-ல் வந்த இந்த 500 மேக்னத்தில் குண்டு 23 கிராம், வேகம் சுமார் 600 மீட்டர். துப்பாக்கியோ 2 கிலோதான். பின்னால் வரும் வேகம் நொடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் .303-ஐப் போல ஐந்து மடங்குக்கு மேல். வெடிமருந்துப் புகையின் உந்துதலை நான் சேர்க்கவே இல்லை. ரைஃபிளைத் தோள் தாங்கும். ரிவால்வருக்கு மணிக்கட்டு மட்டும்தான். குழலும் கைக்கு மேலே இருப்பதால் அது பின்னால் வருவதோடு நிற்காது, மேல்நோக்கித் திரும்பும்.

வலி பெரிய ஆபத்து இல்லை. உதை வாங்கியதும் கை தானாக இறுகும். விரல் டிரிக்கரிலேயே இருந்தால் இரண்டாவது குண்டும் வெடிக்கலாம். அந்த நேரத்தில் குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்? வீடியோவை மறுபடி பாருங்கள்.

2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஊசி என்ற இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டாள். உதையில் அது கையை மீறி மேலே போக, பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். சுடும் இடம், பயிற்சியாளர், எல்லாம் இருந்தும்தான் அது நடந்தது.

உங்களில் பலருடைய அப்பாக்கள் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். அங்கே செய்த விஜயந்தா டாங்கி ஏறக்குறைய 39 டன். அதன் பீரங்கிக்கே உதையைத் தாங்கத் தனி அமைப்பு உண்டு. ஒரு பிள்ளையின் மணிக்கட்டில் என்ன இருக்கிறது?

பெரியவர்கள் சுடுவதென்றால் .22-ல் தொடங்குங்கள். பெரிய ரிவால்வர் என்றால் முதல் தடவை ஒரே ஒரு குண்டு மட்டும் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கையில் அது வேண்டவே வேண்டாம்.

மறுநாள் காலையில் அவனுக்கு போன் போட்டேன்.

"ஆசை காட்டிட்டேன் சார், இப்ப வேணாம்னா அழுவான்" என்றான்.

"அழட்டும்பா. அழுதா நீ சமாதானப்படுத்தலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "சரிங்க சார்" என்றான். வகுப்பில் சொன்ன அதே "சரிங்க சார்".

போனை வைத்ததும் என் லைக்கை எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்