புளியங்குடியில் ஏழு லட்ச ரூபாய்க் காற்று!

தென்காசியில் பஸ் ஏறினால் இடது ஜன்னலில் மலை கூடவே வரும். கடையநல்லூர் தாண்டி புளியங்குடியில் இறங்கினால் எலுமிச்சை வாசனை. 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய எலுமிச்சையாக்கும்!

நான் போனது அதற்கல்ல. எலுமிச்சை கமிஷன் கடை மாமா போன் போட்டிருந்தார். "மருமவனே, உன் மச்சான் கேம் வெளையாடுற லேப்டாப் கேக்கான். ஒண்ணரை லட்சமாம்! நீ பி.காம். படிச்சவன்லா, வந்து கணக்குச் சொல்லு." அத்தையின் வளையல் அடகுக்குத் தயாராக இருந்தது.

மச்சான் செல்போனில் படம் காட்டினான். 2020-ல் வந்த ஏசூஸ் ஸெஃபிரஸ் டுயோ. மூடியைத் திறந்தால் கீபோர்டுக்கு மேலே இன்னொரு திரை சாய்ந்து எழும்புகிறது.

"ஸ்டைலா இருக்குல்லா அத்தான்?"

ஸ்டைல் மட்டுமில்லை, அந்தத் திரைக்கு அடியில்தான் காற்றுக்கு வாசல். கேம் ஓடும்போது பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் கொதிக்கும். மேஜைக் கம்ப்யூட்டர் பெரிய பெட்டி, சூடு ஆற இடமுண்டு. லேப்டாப்பில் விரற்கடை உயரம்தான். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் கொடுத்த காசு தண்டம்! அதைத் தடுக்கத்தான் செம்புக் குழாய், விசிறி, புதுப்புது வடிவம்... எல்லாம் நம் பில்லில்.

உச்சம் எது தெரியுமா? ஏசரின் பிரிடேட்டர் 21 எக்ஸ். 21 அங்குல வளைந்த திரை, 5 விசிறி, 2 பவர் அடாப்டர், 8 கிலோவுக்கு மேல் எடை. 2017-ல் இந்தியாவில் அதன் விலை 6,99,999 ரூபாய்!

மாமா எலுமிச்சை மூட்டையைத் தட்டினார். "காத்து போகாம கட்டுனா இதுவும்தான் அழுகிப் போவும். நான் வலைச் சாக்குல கட்டுதேன். அவன் ஏழு லட்சம் கேக்கானா?"

என் பங்குக்கு பி.காம். கணக்கு. வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷம் 40 சதவீதம். ஒண்ணரை லட்சம் மறு வருஷமே ஏட்டில் 90,000. அடுத்த வருஷம் 54,000. அடகு வட்டியோ குறையாது!

மச்சானைக் கேட்டேன்: "இதைத் தூக்கிட்டு எங்கேடா போகப்போறே?"

யோசித்தான். "மாடிக்குத்தான் அத்தான்."

மாடிக்கு மேஜைக் கம்ப்யூட்டர் போதுமே! அதே வேகம், விலை குறைவு. பழசானால் பாகம் பாகமாக மாற்றலாம். முகம் சுருங்கினாலும் தலையாட்டினான்.

உள்ளே அத்தை ஜூஸ் கலக்கினார். வளையல் சத்தம் கேட்டது.

எனக்கு ஃபீஸ்? ஒரு பை எலுமிச்சை. காற்றோட்டமான பை!