ஆனந்த்பூரில் இரட்டை வாள்

சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பி, சென்ட்ரலில் ரயில் ஏறி, டெல்லியில் வண்டி மாறி ஆனந்த்பூர் சாகிப் போய் இறங்கினால், ஊரே நீல நிறம். சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் சட்லெஜ் ஆற்றுக்கு அருகே இருக்கிறது இந்தப் பஞ்சாப் ஊர். ஹோலிப் பண்டிகையை ஒட்டி இங்கே நடப்பது ஹோலா மொகல்லா. 1701-இல் சீக்கிய குரு கோவிந்த் சிங் தம் வீரர்களின் போர்ப் பயிற்சிக்காகத் தொடங்கிய விழா. நீல அங்கியும் ஓங்கிய தலைப்பாகையுமாக நிஹாங் எனப்படும் போர்மரபுச் சீக்கியர்கள் சரண் கங்கா மைதானத்தில் குதிரைகளை விரட்டினார்கள்.

நான் தேடிப் போனது சீக்கியர்களின் போர்க்கலையான கட்கா. முரசு முழங்க, இளைஞர் ஒருவர் இரு கையிலும் வாளோடு வட்டத்துக்குள் வந்தார். வலது வாள் தலைக்கு மேல் சுழல, இடது வாள் இடுப்போரமாக எதிர்த்திசையில் பாய்ந்தது. ஒருமுறைகூட அவை உரசவில்லை. கூட்டம் வாளைப் பார்த்தது. நான் காலைப் பார்த்தேன். கட்கா வீரர்கள் பைந்த்ரா என்று சொல்லும் காலடி. கால் மாறியதும் வெட்டிய கை காவலுக்குப் போனது, காவல் நின்ற கை வெட்ட வந்தது.

வடசென்னையில் சிலம்பத்தின் இரட்டைக் கம்பு பழகிய எவருக்கும் இது புரியும். காலடி படியாமல் இரண்டாவது கம்பைத் தொட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். சிலம்பத்தின் இன்னொரு ஆயுதமான மான்கொம்பில் இந்த வேலைப் பங்கீடு இன்னும் தெளிவு: ஒன்று வரும் அடியைத் தாங்கும், மற்றது குத்தும். ஜப்பானில் 1645-இல் இறந்த வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியும் நீள வாளையும் குறுவாளையும் சேர்த்தே பழகச் சொன்னார். ஒவ்வொரு கையும் தனியே வாளை ஆளக் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பஞ்சாபில் இரட்டை வாள் வித்தையோடு நின்றுவிடுவதில்லை. 1606-இல் சீக்கியர்களின் குருவான ஹர்கோவிந்த் இரண்டு வாள் அணிந்தார். மீரி உலக அதிகாரத்துக்கு, பீரி ஆன்மிக அதிகாரத்துக்கு. அங்கும் ஒவ்வொரு வாளுக்கும் தனிப் பொறுப்பு.

ஆட்டம் முடிந்ததும் கட்கா ஆசானான உஸ்தாத் ஒருவர் இரண்டு சோட்டிகளை என்னிடம் நீட்டினார். சோட்டி என்பது கட்காவின் பயிற்சிக் கம்பு. என் சிலம்ப வாத்தியார் சொல்லித்தந்தபடி வீசினேன். உஸ்தாதின் பார்வை என் பாதத்தைவிட்டு ஏறவே இல்லை. பிறகு தோளைத் தட்டினார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் கட்காவும் இருந்தது, காட்சி விளையாட்டாகச் சிலம்பமும் இருந்தது. போட்டியில் பார்ப்பது போதாது. வடசென்னையின் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கம்பு சுற்றும் பிள்ளைகளை ஹோலா மொகல்லாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. இரண்டாவது ஆயுதத்தைக் கேட்கும் வயதில் கட்கா வீரர்களின் அந்தக் கால்களைப் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும்.