ஹனூர்க் காட்டு வழியே ஊருக்கு

பவானி, அந்தியூர்ப் பக்கங்களிலிருந்து வந்து பெங்களூரில் குடியமர்ந்துவிட்ட நம் குடும்பத்து இளைஞர்களிடையே ஒரு புதுப் பழக்கம் தலையெடுத்திருக்கிறது. ஓசூர், சேலம் என்னும் பெருஞ்சாலையை விடுத்து, மோட்டார் சைக்கிளில் கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால் வழியாக ஹனூரை அடைகிறார்கள். அங்கிருந்து காட்டுக்குள் புகுந்து, பர்கூர் மலையைக் கடந்து ஊர் போய்ச் சேருகிறார்கள். ஆசை நியாயமானதே. சென்ற தை மாதம் நாங்களும் நால்வராக இரண்டு வண்டிகளில் அவ்வழியே சென்றோம். அறிவோடு சென்றோமா என்பது வேறு கேள்வி.

ஹனூர் நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஹனூர் தனித் தாலுகாவானது அண்மையில்தான். கொள்ளேகால் என்றவுடன் மாந்திரிகத்தை நினைத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். நாங்கள் கண்ட மாந்திரிகமெல்லாம் கடைக்காரர்கள் கன்னடத்தில் தொடங்கிய வாக்கியத்தைத் தமிழில் முடித்ததுதான். கிழக்கே மாதேசுவரன் மலை. எழுபத்தேழு மலைகளின் நாயகர் என்று அவரைப் போற்றிக்கொண்டு சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இரு மாநிலத்து அடியார்களும் நடந்தே வருவர். அந்நாட்களில் சாலை முழுவதும் மனிதர்கள் நிறைந்திருப்பார்கள். வண்டிப் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

ஒரு காலத்தில் இவ்வழியே செல்ல யாரும் துணியவில்லை. வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இந்த ஹனூர்த் தாலுகாவில்தான் உள்ளது. 1992இல் அவனுடைய கூட்டத்தார் ராமாபுரம் காவல் நிலையத்தையே தாக்கினர். 2004 அக்டோபர் 18ஆம் நாள் அவன் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்த அச்சம் ஒழிந்தது. இப்போது காட்டில் அஞ்சத்தக்கவை யானையும், இருட்டும், நம்முடைய ஆயத்தக் குறைவுமே.

இளைஞர்கள் சிலர், "தார்ச்சாலையில் என்ன இருக்கிறது? மண்பாதையில் இறங்கி ஓட்ட வேண்டும்" என்கிறார்கள். சாலையோரம் பிரிந்து செல்லும் அழகிய மண்தடங்கள் பெரும்பாலும் வனத்துறையார் ரோந்து செல்லும் தடங்கள். காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இலும், மலை மாதேசுவரர் வனவிலங்குச் சரணாலயம் 2013இலும் அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அவற்றுக்குள் நுழைவது குற்றம். பொதுச்சாலையிலேயே மழை அரித்த பள்ளமும் சரளையும் வேண்டிய மட்டும் உண்டு, அதுவே போதும்.

ஹனூரில் டாங்கை நிரப்பி, பங்க் ஊழியர் காட்டிய வழியில் ராமாபுரம் சென்று, பகல் உணவு முடித்துக் கர்கேகண்டி நோக்கிப் புறப்பட்டபோது மணி இரண்டரை. அதுவே முதல் தவறு. இரண்டாவது தவறு பையிலேயே இருந்தது. மூன்று மணி அளவில், கூர்ங்கல் ஒன்று எங்கள் வண்டியின் பின் டயரைக் கிழித்துவிட்டது. கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். மாற்று டியூப், டயர் லிவர், காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் பசை எல்லாம் புத்தம் புதிதாக வாங்கி வைத்திருந்தோம். சக்கரத்தைக் கழற்ற அச்சு நட்டுக்கு உரிய ஸ்பானர் மட்டும் இல்லை!

முக்கால் மணி நேரம் கழித்து டிராக்டரில் வந்த பெரியவர் ஒருவர் தம் திருகு ஸ்பானரைத் தந்தார். "தம்பி, இதையெல்லாம் வீட்டிலே ஒருதரம் கழற்றிப் பார்க்கலையா?" என்று கேட்டார். விடை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, டயரைத் திரும்ப மாட்டுகையில், பழகாத கை லிவரை ஆழமாகச் செலுத்த, புது டியூபும் கடிபட்டுக் கிழிந்தது. அதை ஒட்டி முடிக்க மணி ஐந்தே கால் ஆயிற்று. புறப்படுமுன் சொந்த வீட்டு வாசலில் ஒரு முறை, அவ்வண்டியின் கருவிகளைக் கொண்டே, சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தவனே காட்டுக்குப் போகத் தக்கவன் என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

மேலே செல்வதா, திரும்புவதா? எங்களில் ஒருவர், "அம்மா சோறு வைத்துக் காத்திருப்பாள்" என்று மேலே செல்லவே துடித்தார். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வேளை. வளைவுக்கு வளைவு மூங்கில் மறைப்பு. யானை எதிர்ப்பட்டால் வெகுதொலைவிலேயே நின்று, ஒலி எழுப்பாமல், வண்டியைத் திருப்ப ஆயத்தமாயிருக்க வேண்டும். இருட்டில் அந்தத் தொலைவு நமக்குக் கிட்டாது. ஆகவே ராமாபுரத்துக்கே திரும்பி ஒரு கடைத் திண்ணையில் படுத்தோம். அன்றிரவு ஒரு யானைக்கூட்டம் சாலையிலேயே நின்றதாக மறுநாள் சோதனைச் சாவடியில் சொன்னார்கள். மெய்யோ, எங்களை மிரட்டச் சொன்னதோ, அறியோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. காட்டுக்குள் கைப்பேசி வேலை செய்யவில்லை. ராமாபுரம் வந்து வீட்டுக்குப் பேசியபோது மணி ஏழு. மாலை ஐந்துக்கே வருவோம் என்று சொல்லியிருந்தோம். எங்களைக் காணாமல் தம்பி தன் வண்டியை எடுத்துக்கொண்டு, தனியே, வரட்டுப்பள்ளம் தாண்டி மலையேறிவிட்டான். அவனோடும் பேச வழியில்லை. நாங்கள் திண்ணையில் பத்திரமாக இருக்க, அவன் தாமரைக்கரை வரை இருட்டில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தான். நள்ளிரவுக்குப் பின்னரே வீடு திரும்பினான். அதுவரை அம்மா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

வழியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்வது எளிது. இன்ன மணி வரை எங்களைத் தேட வேண்டாம். அதற்கு மேலானால் 112க்குத் தெரிவியுங்கள். வீட்டிலிருந்து எவரும் தனியே புறப்படக்கூடாது என்பதையும் அதில் எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாட்காலை பர்கூரின் செம்மேனியில் வெண்புள்ளி பரந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டே மலையிறங்கி அந்தியூர் சேர்ந்தோம். தம்பி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பெங்களூருக்குத் திரும்புகையில் சேலம் சாலையிலேயே வந்தோம். அம்மா அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.