நாலு பேர் முன்னால் சாப்பிட முடிகிறதா?

தை, மாட்டுப் பொங்கல்

பொங்கலுக்கு வந்த சொந்தங்கள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். இருந்த வரைக்கும் ஆளாளுக்கு ஒரே கேள்விதான். "கட்டி நாக்குலதான மதினி இருந்துச்சு? கழுத்தை எதுக்கு இம்புட்டு நீளத்துக்கு அறுத்திருக்காங்க?"

இடது காதுக்குப் பின்னால் தொடங்கி, தாடைக்கு அடியில் வளைந்து இறங்கும் தழும்பைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். நாக்கில் வரும் புற்று அடுத்துப் போய்த் தங்குகிற இடம் கழுத்து நெறிகள். தடவிப் பார்த்தால் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். நெறிகளை முதலிலேயே எடுத்துவிடுவதா, கட்டினால் பார்த்துக்கொள்வதா என்று மருத்துவர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-ல் அதற்கு விடை சொன்னது. முதலிலேயே கழுத்தையும் சேர்த்து அறுவை செய்துகொண்டவர்களில் 3 ஆண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டியபின் பார்க்கலாம் என்று விடப்பட்டவர்களில் 67.5 சதவீதம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் என் கழுத்து அறுபட்டது. நாத்தனாரிடம் அப்படியே சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் கழுத்துக்கு ஒரு விலை உண்டு. அதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. மூளையிலிருந்து நேராக இறங்கும் நரம்புகளில் பதினொன்றாவது, கழுத்து வழியாகப் போய்த் தோளைத் தூக்குகிற தசைக்குச் சேர்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் 1906-ல் இந்த அறுவை முறையை எழுதியபோது அந்த நரம்பையும் சேர்த்தே வெட்டினார்கள். இப்போது முடிந்தவரை காப்பாற்றுகிறார்கள். என்றாலும் சுற்றியுள்ள நெறிகளை எடுக்கும்போது இழுபட்டு, மாதக்கணக்கில் அது வேலை செய்வதில்லை. கொண்டை போட முடியவில்லை. கொடியில் சேலை உலர்த்த முடியவில்லை. ரவிக்கையில் கை நுழைக்க வலது கை இடது கையைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அறுத்தெடுத்த இடத்தில் வைத்த புது நாக்குக்குத் தோலும் இரத்தக்குழாயும் கொடுத்ததும் இதே இடது முன்கைதான்.

மாசி, சிவராத்திரிக்கு மறுநாள்

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி தம்பி இன்று வந்தார். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது கிராம சுகாதார நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் வேலைக்காலத்தில் இப்படி ஒருவர் வீட்டுப்படி ஏறியிருந்தால் எத்தனை பேர் படுக்கையிலிருந்து எழுந்திருப்பார்கள்!

சுவரில் விரல்களால் ஏறச் சொல்கிறார். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுகிறார். போன தடவை போட்ட கோட்டுக்கு மேல் இன்று கொஞ்சம் ஏறியிருக்கிறது. வாய்க்கு ஐஸ் குச்சிகள். பல்லுக்கு நடுவே அடுக்கிவைத்து, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பொறுத்து, இன்னொரு குச்சி செருக வேண்டும். நல்ல வாயில் தன் மூன்று விரல் செங்குத்தாக நுழையும். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. கரண்டு வைத்தபிறகு (ஊரில் கதிர்வீச்சுக்கு அதுதான் பெயர்) தாடைத் தசை இறுகிக்கொண்டே போகும். இன்று விட்டால் நாளை பிடிக்கலாம் என்று இருக்க முடியாது. இறுகிப்போனதை மீட்பது மிகவும் கடினம்.

மாத்திரையை மறந்தால் வீட்டில் பதறுகிறார்கள். குச்சியை மறந்தால் யாரும் கேட்பதில்லை. எனக்கு இப்போது இரண்டும் ஒன்றுதான்.

மாசி, பௌர்ணமி

எச்சில் என்பதை அருவருப்பாகவே நினைத்து வளர்ந்தோம். அது போனபின்தான் அதன் அருமை தெரிகிறது. நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் ஊறும். தாடைக்கடியில் இருந்த சுரப்பி நெறிகளோடு போய்விட்டது. காதுக்கு முன்னால் இருப்பது கரண்டில் வாடிவிட்டது. கதிரின் வீரியத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்துச் செலுத்தி அந்தச் சுரப்பியைத் தப்பவைக்கும் புது முறையால் வாய் வறட்சி குறைகிறது என்று இங்கிலாந்தில் 2011-லேயே காட்டிவிட்டார்கள். எந்த ஊரில், எந்த எந்திரத்தில் கரண்டு வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வாழ்நாள் முழுவதுக்கும் வாயின் ஈரம் தீர்மானமாகிறது என்றால், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இருக்க வேண்டும்.

ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறது. தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் படுப்பதில்லை.

சாப்பாட்டில் நான் நினைத்ததெல்லாம் தலைகீழாகிவிட்டது. மெத்தென்று இருப்பதெல்லாம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். சிறுமலை வாழைப்பழம் அண்ணத்தில் அப்பிக்கொண்டு மூச்சே திணறியது. இப்போது பாலில் கரைத்துத்தான். இட்லியும் அப்படியே, காரமில்லாத ரசத்தில் முங்கினால்தான் நகரும். கேழ்வரகுக் கூழ், பருப்போடு குழைத்த சாதம், மிக்சியில் அடித்த கீரை, இவை என்னைக் காப்பாற்றுகின்றன. மிளகு, மிளகாய் எதுவும் ஆகாது. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு சீரகச் சம்பா பிரியாணியின் வாசனை மட்டும் மிச்சம். மருமகள் என் பங்குக்குத் தனியாக உப்பும் நெய்யும் மட்டும் போட்டுக் குழைய வேகவைத்துத் தருகிறாள். அதில் அந்த அரிசியின் மணம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

பங்குனி, திங்கள்

டவுன் பஸ்ஸில் தனியாகத் திண்டுக்கல் போய்வந்தேன். திரும்பும்போது சின்னாளபட்டியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டருக்கு விளங்கவில்லை. நாக்கு நுனி மேலே மடங்க வேண்டிய எழுத்துகள் எனக்குக் குழைந்துவிடுகின்றன. உதடும் அடிநாக்கும் செய்கிற எழுத்துகளுக்குக் குறைவில்லை. காந்திகிராமம் என்றேன், உடனே கிழித்துக் கொடுத்தார்.

அறுவைக்குப் பிறகு தொண்டையில் குழாய் இருந்த நாட்களில் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் காட்டினேன். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று வந்தவர்கள் கத்திப் பேசினார்கள். அல்லது என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், "அம்மா என்ன சாப்பிடுவாங்க?" என்றார்கள். பக்கத்தில்தான் நான் இருந்தேன்.

காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் காத்து, சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். 1946 பிப்ரவரியில் அவர் மதுரைக்குப் போகும் வழியில் எங்கள் அம்பாத்துரை ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திக் கூட்டம் அவரைப் பார்த்தது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்த வருஷம் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் இங்கே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். காந்தி எழுதிய துண்டுத்தாளை மற்றவர்கள் பொறுமையாக வாங்கிப் படித்தார்கள். அந்தப் பொறுமைதான் எங்களைப் போன்றவர்களுக்கும் வேண்டும். வாக்கியத்தை நாங்கள் முடிக்கும்வரை காத்திருங்கள். நடுவில் எடுத்து முடித்துவைக்காதீர்கள்.

அரசியல் தலைவர் சரத் பவாருக்கு 2004-ல் வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. முகம் மாறி, பேச்சு மாறி, அந்த மாறிய பேச்சோடேயே இருபது வருஷத்துக்கும் மேலாக மேடையேறிவந்திருக்கிறார். அரசியலில் அவரோடு உடன்படுகிறேனோ இல்லையோ, டிவியில் அவர் பேசினால் நான் சேனலை மாற்றுவதில்லை.

சித்திரை, முகூர்த்த நாள்

தங்கை மகன் கல்யாணம். தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு, வெயிலைச் சாக்குச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். பந்திக்கு உட்காரவில்லை.

இடது கீழுதட்டுப் பக்கம் உணர்ச்சி கிடையாது. ரசம் வழிந்தால் எனக்குத் தெரிவதில்லை, எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்து இலைக்காரர் பாயசம் முடிக்கும்போது நான் இரண்டாம் கவளத்தில் இருப்பேன். யாராவது பரிதாபப்பட்டு, "வெத்தலை பாக்கு போடுவீங்களோ?" என்று கேட்பார்கள். நான் போட்டதே இல்லை. போட்டிருந்தாலும்தான் என்ன? புகையிலை விளைகிற, சுருட்டு சுற்றுகிற, பொட்டலம் கட்டுகிற மாவட்டம் இது. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த பெண்கள் பசி தெரியாமலிருக்க வாயில் அடக்கிக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நோய் வந்தவரிடம் அவர் குற்றத்தை விசாரிப்பது எந்தப் பந்திக்கும் அழகில்லை.

சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-ல் மேல்தாடையில் புற்று. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளோடு, வாய்க்குள் பெரிய செயற்கைத் தட்டை மாட்டிக்கொண்டு 16 வருஷம் வாழ்ந்தார். நோயாளிகளைப் பார்த்தார், புத்தகங்கள் எழுதினார். ஆனால் பிறர் முன்னால் சாப்பிடுவதை மட்டும் தவிர்த்துவந்தார். அவ்வளவு பெரிய மனிதருக்கே இது இருந்திருக்கிறது என்று அறிந்தபோது என் கூச்சம் எனக்கு அற்பமாகத் தோன்றவில்லை. இது நோயின் ஒரு பகுதி. வைத்தியமும் இதுவரை வந்தாக வேண்டும்.

வைகாசி, செக்கப்

மதுரைக்குப் போய் வந்தோம். குழாய் விட்டுத் தொண்டை பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. மூன்று காரியங்களைக் குறித்துவைக்கிறேன். கரண்டு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து ஆயுசுக்கும் உண்டு. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறக்குமுன் இதைச் சொல்ல வேண்டும். கழுத்தில் கரண்டு வைத்தவர்களுக்குத் தைராய்டு மெல்லக் குறையும், ஆறு மாதம் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். என் அசதியை வயசு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் தாடைக்கடியில் திரளும் வீக்கம் நோய் திரும்பியதல்ல, வடியும் வழி அடைபட்ட நிணநீர். கற்றுக்கொண்டபடி மெதுவாகத் தடவி இறக்கினால் குறையும்.

வரிசையில் காத்திருந்தபோது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கேள்வித்தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-களில் உருவாக்கியது, தலை கழுத்துப் புற்றுக்கென்றே 35 கேள்விகள். போன ஒரு வாரத்தில் வாய் உலர்ந்ததா, எச்சில் பிசுபிசுத்ததா, போனில் பேசச் சிரமமா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், "குடும்பத்தார் முன்னால சாப்பிடச் சிரமமா இருந்துச்சாம்மா?" என்றாள். அடுத்தது, "மத்தவங்க முன்னால?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் பயந்துபோய்ப் பேனாவை மூடிவிட்டாள். பதிலைத் தேடி நான் தடுமாறவில்லை. இதை ஒருவர் கேட்பார் என்றே நான் நினைத்ததில்லை. எங்கோ முகம் தெரியாதவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் யோசித்து அச்சடித்து வைத்திருக்கிறார்கள். தோளைப் பற்றி அதில் ஒன்றுமில்லையே என்று பிறகு கேட்டேன். அடுத்து வந்த 43 கேள்விப் பதிப்பில் சேர்த்துவிட்டார்கள் என்றாள்.

ஆனி, இரண்டாம் வாரம்

காந்திகிராமத்துச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் 1964-ல் தொடங்கியது. நான் வேலை கற்றது அங்கேதான். பிறகு முழு உத்தியோகமும் கிராம சுகாதார நர்ஸாக, கேட்பதும் எழுதுவதுமாகப் போயிற்று. எங்கள் மாவட்டத்துக்குப் புற்றுநோய்க் கணக்கெடுப்பில் ஒரு பெயர் உண்டு. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் மாவட்டம் முழுவதுக்குமான பதிவேடு நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கும் சோதனையை 2000-ல் இங்கேதான் ஊர் ஊராகத் தொடங்கினார்கள். சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் உலகம் படித்தது. யாருக்கு வந்தது, யார் பிழைத்தார் என்று எழுதக் கற்ற மாவட்டம் இது. பிழைத்தவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதையும் எழுதலாம்.

இப்போதைய நர்ஸ் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். அவள், "அம்மா, ஒருத்தர் இருக்காரு, கூட வாங்க" என்று பக்கத்து ஊருக்கு அழைத்துப்போனாள். நெசவு வேலை பார்த்தவர். கீழ்த்தாடையில் பாதி எடுத்திருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்து, "நர்சம்மா" என்றார், பிறகு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எல்லோரும் சாப்பிட்டபின் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார் என்று அவர் வீட்டுக்காரம்மா சொன்னார்.

கொண்டுபோன கூழை அவர் எதிரில் குடித்தேன். வழிந்ததைத் துடைத்துக்கொண்டேன். அவர் அன்று சாப்பிடவில்லை. ஆனால் ஐஸ் குச்சி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். சின்னாளபட்டியில் ஸ்டேஷனரிக் கடையில் கட்டாகவே கிடைக்கும் என்றேன்.

அடுத்த வாரம் அவருக்குச் செக்கப். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, தோளுக்கு என்ன பயிற்சி, டிஎஸ்எச் எப்போது, பல் வலித்தால் யாரிடம் போவது. தாளை மடிக்கப் போனபோது அவர் துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு, அதற்குள் எல்லோரோடும் உட்கார்ந்து தயிர்சாதமாவது சாப்பிட முடியுமா?

முதல் கேள்வியாக அதை எழுதினேன்.