அச்சாபீஸ் பாஷை

அச்சாபீஸ்காரர்களுக்கென்று தனியாக ஒரு பாஷை உண்டு. அதை அறியாமல் அங்கே காலடி வைப்பது, மொழி தெரியாத ஊரில் பேரம் பேசப் போவதற்கு ஒப்பாகும்.

என் தகப்பனாருக்கு எண்பது வயது பூர்த்தியாகும் தறுவாயில், அவர் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த குடும்பக் கதையைச் சிறு நூலாக்கி அவர் கையில் கொடுக்க ஆசை கொண்டேன்.

"எத்தனை பாரம்?" என்பதே அச்சாபீஸ்காரர் கேட்ட முதற் கேள்வி. நெஞ்சு பாரமா, தலைப் பாரமா என்று விழித்தேன். ஒரு பெரிய தாளில் இரு புறமும் அச்சிட்டு மடித்தால் வரும் 16 பக்கங்களுக்கு அந்தப் பெயராம். என் நூலோ 50 பக்கம்.

"48 என்றால் மூன்று பாரம். இரண்டு பக்கத்துக்காக இன்னொரு தாளை மெஷினில் ஏற்றுவானேன்?" என்றார்.

என் முன்னுரையை நீக்கினேன். நூலுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது 'ஜி.எஸ்.எம்.' ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் நிற்கும் என்பதே அதன் பொருள். உள்ளே 70, அட்டைக்கு 300 என்று முடிவாயிற்று.

அட்டைப் படத்துக்கு வந்தோம். எங்கள் குடும்பத்தின் பழைய புகைப்படம் அது. அதன் ஓரத்தில், அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து என் அக்காள் எட்டிப் பார்ப்பாள். ஆறு வயதில் காலமாகிவிட்ட அவளுக்கு வேறு படம் கிடையாது.

"இதற்கு 'பிளீட்' இல்லையே!" என்றார் அவர்.

இரத்தம் வடிவதற்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று நகைத்தேன். அவர் நகைக்கவில்லை. படம் விளிம்பு வரையில் வர வேண்டுமானால், வெட்டும் இடத்துக்கு அப்பால் நாற்புறமும் 3 மில்லிமீட்டர் உபரி வேண்டும். கத்தி சற்றுப் பிசகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க அந்த ஏற்பாடு. உபரி இல்லாததால் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கிக் கொள்வதாகச் சொன்னார். தலையசைத்தேன்.

பிறகு 'புரூப்' வந்தது. எழுத்துப் பிழைகளைத் தேடித் தேடித் திருத்தினேன். அட்டையில் மெல்லிய வெட்டுக்கோடுகள் இருந்தன. அவை என்னவென்று கேட்கவில்லை. கையெழுத்திட்டேன்.

புத்தகம் வந்தது. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையை வெகுநேரம் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

"குழந்தை எங்கேடா?" என்று கேட்டார்.

பெரிதாக்கிய படத்தில் ஓரம் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. கத்தி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பிசகு என்னுடையது.

அட்டையை மட்டும் மறுபடி அச்சிடச் செய்தேன். இம்முறை படத்தைச் சிறிதாக்கிச் சுற்றிலும் வெள்ளை இடம் விடச் சொன்னேன். அக்காள் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். அப்பா புத்தகத்தை அன்றிரவு தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

நேயர்களில் எவரேனும் அச்சாபீஸுக்குப் போக நேர்ந்தால் ஒன்று சொல்வேன். புரியாத சொல்லைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெட்டுக்கோட்டுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியே யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.