கோழி அம்மையின் வழித்தடம்

எங்கள் ஊரான ஈச்சிலம்பற்றில் மாரி மழை பிடித்த பிறகு, ஊர்க்கோழிகளின் கொண்டையிலும் தாடியிலும் கண்ணிமையிலும் பரு எழும்பும். முதலில் வெளிறிய சிறு கொப்புளம். பிறகு காய்ந்த மிளகுபோல் கறுத்துப் பொருக்குக் கட்டும். கண் மூடிப்போன குஞ்சு இரை தெரியாமல் பட்டினியிலேயே செத்துப்போகும். அம்மை என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம். வருஷா வருஷம் அதே வளவுகளுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் ஊரில் கேட்டேன். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, 2007 தொடக்கம் திரும்பி வந்தவர்கள் வெளியூர்க் குஞ்சுகளை வாங்கி வளர்த்தார்கள், அவற்றோடு வந்த நோய் என்றார் ஓர் அண்ணன். வயதுபோன ஆச்சி ஒருவர் மறுத்தார்: "நாங்க சின்னப்பிள்ளையா இரிக்கக்குள்ளயும் மாரியில இது வாறதுதான் மகன்." அப்படியென்றால் விசாரிக்க வேண்டியது குஞ்சுகளை அல்ல, மழையை.

விடை புத்தகங்களில் கிடைத்தது. இந்தப் பருக்களின் உயிரணுக்களுக்குள் தனித்த உருண்டைகள் இருப்பதை 1873 இல் ஜெர்மானியரான பொலிங்கர் எழுதிவைத்தார். பின்னர் அது வைரஸின் வேலை என்று தெரிந்தது. 1929 இல் கிளிக்ளர், மக்கன்ஃபஸ், ரிவர்ஸ் மூவரும் நுளம்பு இதைக் கோழிக்குக் கோழி காவுவதைச் சோதனையில் காட்டினார்கள். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். காயமில்லாத தோலைத் துளைத்து உள்ளே போக அதனால் முடியாது. நுளம்புக்கடியோ கொத்துக்காயமோ வழிவிட வேண்டும். மாரியில் சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகுகிறது. மழைக்கு ஒதுங்கிய கோழிகள் கூட்டுக்குள் நெருங்கி ஒன்றையொன்று கொத்துகின்றன. ஆச்சி கண்ட பருவக்கணக்கின் காரணம் இதுதான்.

1931 இல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் அலிஸ் வுட்ரஃபும் இதே வைரஸைக் கருக்கொண்ட முட்டைக்குள் வளர்த்தெடுத்தார்கள். மஞ்சள் காய்ச்சலுக்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் முட்டையில் தடுப்பு மருந்து செய்யும் முறை அந்த வழியில்தான் வந்தது. கோழியின் வருத்தத்தை ஆராய்ந்ததால் மனிதர் பிழைத்தார்கள். அந்தக் கடனை நாம் கோழிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தோலில் தெரிவதெல்லாம் அம்மையல்ல. காலில் செதில் கிளம்பிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் தடித்தால் அது செதில் உண்ணி. சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து மெல்லத் தேய்த்து, எண்ணெய் பூசி, கோழி அடையும் கம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். கொண்டையில் வெள்ளை மா படிந்தால் பூஞ்சை.

அம்மை வைரஸைக் கொல்ல மருந்தில்லை. பொருக்கைப் பிடுங்காதீர்கள், புண்ணும் பெருகும், தொற்றும் பரவும். உப்புத் தண்ணீரால் கண்ணைத் துடைத்து, நோயுற்றதைப் பிரித்துவைத்து, கையால் இரையும் தண்ணீரும் கொடுத்தால் தோலம்மை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வாய்க்குள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சுத் திணறினால் ஆபத்து. கால்நடை வைத்தியரிடம் உடனே போக வேண்டும். மனிதருக்கு இது தொற்றாது. நமக்கு வரும் அம்மை வேறு வைரஸ்.

கோழி அம்மைத் தடுப்பு மருந்தை இரட்டை முனை ஊசியால் செட்டைச் சவ்வில் குத்துவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் குத்திய இடம் தடித்திருந்தால் மருந்து பிடித்திருக்கிறது. ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும், கரைத்தால் உடனே முடிக்க வேண்டும். அதனால் ஒரு வீட்டார் தனியே செய்வதைவிட ஒழுங்கை முழுவதும் சேர்ந்து செய்வதே பொருந்தும்.

பொருக்கைக் கண்டபின் வேப்பிலை தேடுவது பிந்திய வேலை. ஆவணி பிறந்ததும் அயலவரோடு பேசி வைத்தியருக்குச் சொல்லுங்கள். புரட்டாதி முடியுமுன் ஊசியைக் குத்தி, வளவில் தண்ணீர் தேங்கும் ஏனங்களைக் கவிழ்த்துவிடுங்கள்.