கைம்மாறு

மலையக ஆசிரியர்களுடன் நிகழ்த்திய கைவினைப் பரிமாற்றத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து பனையோலைப் பெட்டியொன்றை இழைத்து அனுப்பினோம். பதிலாக நுவரெலியாத் தோட்டமொன்றிலிருந்து கம்பளிச் சால்வை வந்தது. பின்னியவர், கொழுந்து பறிக்கும் ஆசிரியையின் தாய். எமது வெயிலுக்குக் கம்பளியா என நகைத்தனர் நண்பர் சிலர். அவர்கள் பயனைப் பார்த்தார்கள், உழைப்பைப் பார்க்கவில்லை.

பகலெல்லாம் கொழுந்து பறித்த விரல்கள் இரவிலே பின்னிய சால்வை இது. அவ்விரல்களின் நாட்கூலி, நெடும் போராட்டத்தின் பின், 2021ஆம் ஆண்டிலேதான் 1000 ரூபாவாயிற்று. உடனே, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையைப் பல தோட்டங்கள் உயர்த்தின. சால்வைக்கோ தராசுமில்லை, கங்காணியுமில்லை.

தேநீர் அருந்துகையில் கொழுந்து பறித்தவரை நாம் அறிவதில்லை. சந்தை அவரை மறைத்துவிடுகிறது. இங்கோ பொருளோடு மனிதரும் வந்து நிற்கிறார். பரிமாற்றம் சந்தையை ஒழித்துவிடாது. ஆயினும் உழைப்பவரை உழைப்பவர் அறிதலே ஒற்றுமையின் தொடக்கம். அடுத்த கூலிப் போராட்டத்திலே அத்தாயின் பக்கம் நிற்பதே நாம் செய்யக்கூடிய கைம்மாறு.